புதுச்சேரித் தமிழர் கொடுத்த மனு

(பள்ளிக்கரணையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நிகழ்த்திய சொற்பொழிவு. பேச்சு நடை மாற்றப்படாமல் அச்சாகிறது.)



பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது பாடம். பாரிஸ் நகரம், பாஸ்டில் சிறை, அரசனின் தலையை வெட்டிய எந்திரம் எல்லாம் அவர்களுக்கு என்னைவிட வரிசையாகவே தெரியும். அதனால் இன்று பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு காகிதத்தைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். அது ஒரு மனு. 1790இல் புதுச்சேரியில் இருந்த தமிழர்கள் பிரெஞ்சுக்காரர்களிடம் கொடுத்தது. அதற்குப் போய்ச் சேர, மனு என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நம் ஊர்க்காரர்களுக்கு மனுவைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பள்ளிக்கரணை பேரூராட்சியாக இருந்தபோது எழுதினோம். 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்த பிறகும் எழுதுகிறோம். சைதாப்பேட்டை, தாம்பரம், சோழிங்கநல்லூர் என்று தாலுகா அலுவலகம் இடம் மாறிக்கொண்டே இருந்தது. நாமும் பட்டாவுக்கும் ரோட்டுக்கும் மழைநீர்க் கால்வாய்க்கும் மனுவைச் சுமந்துகொண்டு பின்னாலேயே போனோம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இந்தத் தெருவில் மனு எழுதாத வீடே இல்லை என்று சொல்லலாம். ஜமாபந்தி நாளில் மேஜைக்கு முன்னால் வரிசையில் நின்றவர்களுக்கு ஒன்று தெரியும். கையில் காகிதத்தோடு நிற்கும்போது மனத்தில் ஓடுவது 'கேட்டது கிடைக்குமா' என்ற கேள்வி மட்டும் இல்லை. 'நம்மை ஓர் ஆளாக மதித்து வாங்குவார்களா' என்ற கேள்வியும் கூடவே ஓடும்.

பிரெஞ்சுப் புரட்சி மனுவில்தான் தொடங்கியது. துப்பாக்கி பிறகுதான் வந்தது. 1788 ஆகஸ்டில் பதினாறாம் லூயி மன்னர், 1614க்குப் பிறகு கூடாதிருந்த மூன்று வகுப்பார் சபையைக் கூட்டுவதாக அறிவித்தார். பாதிரிமார் ஒரு வகுப்பு, பிரபுக்கள் ஒரு வகுப்பு, மீதி உள்ள ஜனம் முழுவதும் மூன்றாம் வகுப்பு. சபைக்கு ஆள் அனுப்பும் ஒவ்வோர் ஊரும் தன் குறைகளை ஏடாக எழுதி அனுப்பலாம் என்றது அரசு. 1789 வசந்தத்தில் சுமார் 60,000 குறை ஏடுகள் எழுதப்பட்டன. எழுதத் தெரியாத விவசாயிகள் மாதா கோயிலில் கூடி, எழுதத் தெரிந்தவரைச் சுற்றி உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். பிரபு வளர்க்கும் புறா எங்கள் விதையைத் தின்கிறது, அதை விரட்டவும் எங்களுக்கு உரிமை இல்லை. பிரபுவின் ஆலையில்தான் மாவு அரைக்க வேண்டும், அதற்கும் கூலி அழ வேண்டும். அப்புறம் உப்பு.

இந்த உப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அங்கே உப்புக்கு 'கபேல்' என்று ஒரு வரி. வரி கடுமையாக இருந்த மாகாணங்களில் எட்டு வயது தாண்டிய ஒவ்வொருவரும் ஆண்டுக்கு இத்தனை அளவு உப்பை அரசுக் கிடங்கில் வாங்கியே தீர வேண்டும். வேண்டாம் என்று சொல்ல முடியாது. பக்கத்து மாகாணத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று மடியில் கட்டிக்கொண்டு வந்தால் ஜெயில். குறை ஏடுகளில் இந்த வரியைச் சபிக்காத மாகாணம் குறைவு. 1790இல் புரட்சி அதை ஒழித்தது. அடுத்த பதினைந்தே ஆண்டில், 1805இல், நம் சென்னை ராஜதானியில் கிழக்கிந்தியக் கும்பினி உப்பு முழுவதையும் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. கோவளத்து உப்பளத்தில் வெயிலில் நின்று வாரியவர், தான் வாரிய உப்பைத் தானே விற்க முடியாது. பாரிஸில் இறக்கிவைத்த சுமையை நம் கடற்கரையில் தூக்கி வைத்தார்கள். நம்மவர்கள் அதை இறக்க 1930இல் வேதாரண்யம் வரை நடந்தார்கள். இரண்டும் ஒரே உப்பின் கதைகள். நாம்தான் இரண்டையும் வெவ்வேறு வகுப்பில் படித்துவிட்டு முடிச்சுப் போடாமல் விட்டுவிட்டோம்.

முடிச்சுப் போட வேண்டிய இடம் இன்னொன்றும் உண்டு. அரசன் ஏன் சபையைக் கூட்டினான்? கஜானா காலி. ஏன் காலி? அரண்மனை ஆடம்பரம் என்று சொல்வார்கள். அது உண்மையில் சிறு பங்கு. பெரும் பங்கு போர்க்கடன். இங்கிலாந்தை எதிர்த்து எழுந்த அமெரிக்கர்களுக்கு உதவப் போய், பிரான்ஸ் 100 கோடி லிவ்ருக்கு மேல் செலவழித்தது. 1788இல் அரசின் செலவில் ஏறக்குறையப் பாதி, கடனுக்கு வட்டி கட்டவே போயிற்று.

அந்தப் போர் அமெரிக்காவில் மட்டும் நடக்கவில்லை என்பதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. இங்கிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரே, கடலில், 1782 பிப்ரவரி 17 அன்று பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரானின் கப்பல்களும் ஆங்கிலத் தளபதி ஹியூஸின் கப்பல்களும் மோதின. பிறகு பிரெஞ்சுப் படை பரங்கிப்பேட்டையில் இறங்கி மைசூர் ஹைதர் அலியோடு சேர்ந்து கடலூரைப் பிடித்தது. அதற்கு இரண்டு வருடம் முன்னால், 1780இல், ஹைதரின் குதிரைப்படை கர்நாடகத்துச் சமவெளியில் இறங்கி, செங்கல்பட்டுச் சீமையின் கிராமங்களை எரித்துக்கொண்டு வந்தது. அவரை எதிர்க்கக் கும்பினித் தளபதி ஹெக்டர் மன்றோவின் படை திரண்டு முகாமிட்டது எங்கே தெரியுமா? நம் வீட்டு மொட்டை மாடியிலிருந்து தெரிகிறதே, அந்தப் பரங்கிமலையில். அதே மன்றோதான் 1778இல் புதுச்சேரியை முற்றுகையிட்டுப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பறித்தவர்.

நாம் நிற்கும் இந்த நிலம், 1763இல் ஆற்காட்டு நவாப் கும்பினிக்கு ஜாகீராக எழுதிக்கொடுத்த சீமையைச் சேர்ந்தது. கழுவெளிச் சதுப்புக் கரையில் நெல் விளைவித்தவர்களுக்கும், ஏரியில் மீன் பிடித்தவர்களுக்கும் லூயி மன்னன் யாரென்று தெரியாது. ஆனால் அவனைக் கவிழ்த்த கடனின் ஒரு பகுதி நம் கடலில் வெடிமருந்தாக எரிந்தது. அந்தப் போரின் மறுபாதியில் நம் சீமையின் குடிசைகள் எரிந்தன. அதனால்தான் பிரெஞ்சுப் புரட்சியைத் தூரதேசத்துக் கதையாக என்னால் படிக்க முடிவதில்லை.

புதுச்சேரிக்கு வருகிறேன்.

அந்த ஊர் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. 1761இல் ஆங்கிலேயர் பிடித்துக் கட்டடம் கட்டடமாக இடித்தார்கள். 1765இல் திரும்பக் கிடைத்தது; மறுபடி கட்டினார்கள். 1778இல் மறுபடி போனது. 1785இல் மறுபடி வந்தது. வந்ததும் வராததுமாக, இந்தியாவில் உள்ள பிரெஞ்சு ஊர்களுக்குத் தலைமை இனிமேல் மொரீஷியஸ் தீவு என்று பாரிஸ் முடிவு செய்தது. 1789இல், புதுச்சேரியில் இருந்த படையையும் பீரங்கியையும் தீவுக்கு எடுத்துச் செல்ல உத்தரவு வந்தது. ஒரு தலைமுறையில் இரண்டு முறை முற்றுகையைப் பார்த்த ஜனம், கோட்டையைக் காலி செய்வதைப் பார்த்து நின்றது. அங்கே கடை வைத்திருந்தவருக்கும், நெசவாளிக்கு முன்பணம் கொடுத்துத் துணி வாங்கி ஏற்றுமதி செய்த வணிகருக்கும் அதன் பொருள் புரியாமல் இருந்திருக்காது. நம்மை விட்டுவிட்டுப் போகிறார்கள் என்பதுதான் பொருள்.

அந்த மனநிலையில் இருந்த ஊருக்குத்தான், 1790 பிப்ரவரியில், கப்பலில் செய்தி வந்தது. பாஸ்டில் விழுந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. பிரபுக்களின் சலுகைகள் ஆகஸ்ட் 4 இரவில் ஒழிக்கப்பட்டதும், மனிதனின் உரிமைகளை ஆகஸ்ட் 26இல் சபை அறிவித்ததும், அக்டோபரில் பாரிஸ் பெண்கள் ரொட்டி கேட்டு மழையில் வெர்சாய் வரை நடந்துபோய் அரசனைக் கையோடு அழைத்து வந்ததும், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கரை இறங்கின. சில நாட்களிலேயே ஊரிலிருந்த பிரெஞ்சுக்காரர்கள் கூட்டம் கூடினார்கள், கமிட்டி அமைத்தார்கள். வங்காளத்தில் சந்திரநாகூரில் இன்னும் ஒருபடி மேலே போய், மோந்திஞி என்ற தங்கள் அதிகாரியையே சிறைப்பிடித்தார்கள். புதுச்சேரியில் அந்த அளவுக்குப் போகவில்லை. தெ ஃபிரேன் என்ற குவர்னர் நெளிந்து வளைந்து காலம் தள்ளினார்.

புதுச்சேரிக்குப் போனவர்களுக்குத் தெரியும். நடுவில் பெரிய வாய்க்கால். கடல் பக்கம் வெள்ளைக்காரர் இருந்த பகுதி, மேற்கே தமிழர் இருந்த பகுதி. தலையை எண்ணினால் மேற்கே இருந்தவர்கள்தான் ஊர். கிழக்கே இருந்தவர்கள் ஒரு கைப்பிடி. இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தொப்பாஸ் என்று ஒரு கூட்டம், தொப்பி போட்டவர்கள். நம் பக்கத்தில் சட்டைக்காரர் என்று சொல்கிறோமே, அது போல. கலப்பு வம்சத்தினர், கிறிஸ்தவர்களாகி ஐரோப்பிய உடை உடுத்தியவர்கள். எல்லா மனிதரும் பிறப்பால் சமம் என்று அச்சடித்த காகிதம் வந்து இறங்கியபோது, கூட்டம் கிழக்கே கூடியது. மேற்கே இருந்தவர்களுக்கு அதில் நாற்காலி கிடையாது. தொப்பாஸ்களுக்கு இடம் உண்டா என்பதே பெரிய வழக்காயிற்று. அவர்களும் விண்ணப்பம் எழுதினார்கள்.

தமிழர்கள் இதைச் சும்மா பார்த்துக்கொண்டு இருக்கவில்லை. பிரான்ஸில் கிராமத்து விவசாயிகள் எழுதினார்களே, அதே வகையில், அதே பெயரில், குறை ஏடு ஒன்றை எழுதிக் கொடுத்தார்கள். பிரெஞ்சு ஆவணங்களில் 'மலபார்களின் குறை ஏடு' என்று இருக்கும். மலபார் என்றால் கேரளத்தவர் இல்லை. அந்தக் காலத்து ஐரோப்பியர் தமிழரை அப்படித்தான் அழைத்தார்கள்.

நான் முதன்முதலில் இதைக் கேள்விப்பட்டபோது எனக்கு வயது நாற்பது தாண்டிவிட்டது. வரலாறு கற்பிப்பதையே பிழைப்பாகக் கொண்டவன் நான். பத்து வருடமாகக் கரும்பலகையில் 'குறை ஏடுகள்' என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். அப்படி ஓர் ஏட்டை நம் ஜனங்களும் எழுதியிருக்கிறார்கள் என்று அன்று வரை எனக்குத் தெரியாது. அந்த வெட்கம் இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை. இந்த மேடைக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஏன் இது பெரிய விஷயம்? யோசித்துப் பாருங்கள். ஓர் ஊரின் குடிகள் அரசனிடம் முறையிடுவது நமக்குப் புதிதில்லை. கண்ணகி முறையிட்டாள், மனுநீதிச் சோழனின் மணியைப் பசு அடித்தது என்றெல்லாம் கதை உண்டு. அதில் கேட்பவர் கீழே, கொடுப்பவர் மேலே. 1790இல் எழுதியது அந்த வகை மனு இல்லை. அதற்கு முந்தைய வருடம்தான் பிரான்ஸில் அந்த வகைக் காகிதத்துக்கு ஒரு புதிய பொருள் வந்திருந்தது. குறை சொல்பவர் சபைக்கு ஆளையும் அனுப்புவார் என்ற பொருள். புதுச்சேரித் தமிழர்கள் அந்த வடிவத்தைத் தேர்ந்தெடுத்து, சபைக்கு வெளியே நிறுத்தப்பட்டதைக் குறையாகச் சொன்னார்கள் என்றால், கப்பலில் வந்த சொல்லின் பொருளை அவர்கள் சரியாகவே புரிந்துகொண்டார்கள் என்று நான் நினைக்கிறேன். அதைக் கொண்டுவந்தவர்களைவிடச் சரியாக.

அவர்களைத் தியாகிகளாக்க நான் முயலவில்லை. எழுதியவர்கள் பெரும்பாலும் ஊரின் வசதி படைத்தவர்களாகத்தான் இருந்திருக்க முடியும். வணிகர்கள், சாதித் தலைவர்கள், துபாஷிகள். சேரியில் இருந்தவரின் குறையும், கடத்தப்பட்டு மொரீஷியஸ் கரும்புத் தோட்டத்துக்கு அடிமையாக விற்கப்பட்டவரின் குறையும் அந்த வகுப்பாரின் பேனாவில் வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. இந்தக் கரையில் பிள்ளைகளையும் ஏழைகளையும் பிடித்துக் கப்பலேற்றி விற்ற கொடுமையை ஆனந்தரங்கப் பிள்ளையே தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அவர்களுக்கு மனு எழுதித் தர யார் இருந்தார்கள்? 1794 பிப்ரவரியில் பாரிஸ் அடிமை முறையை ஒழித்தது. அந்த உத்தரவை நடத்திவைக்க 1796இல் மொரீஷியஸுக்கு இரண்டு அதிகாரிகள் வந்தபோது, தோட்டக்காரர்கள் அவர்களைக் கப்பலேற்றி விரட்டிவிட்டார்கள். அதே தோட்டக்காரர்கள்தான் சட்டையில் மூவர்ணப் பட்டை குத்திக்கொண்டவர்கள். அந்தத் தீவில் நம் மொழி பேசிய அடிமைகளும் இருந்தார்கள்.

புதுச்சேரியின் அந்த ஆண்டுகளைத் தமிழில் எழுதிவைத்த ஒருவர் உண்டு. இரண்டாம் வீராநாயக்கர். 'நயினார்' என்ற காவல் உத்தியோகத்தோடு சேர்ந்த குடும்பம் அது. அவருடைய நாட்குறிப்பு 1778 முதல் 1792 வரை போகிறது, ஒர்சே மா. கோபாலகிருஷ்ணன் அதைப் பதிப்பித்து 1992இல் வெளியிட்டார். ஆனந்தரங்கப் பிள்ளையை எல்லோருக்கும் தெரியும். குவர்னர் துய்ப்ளேக்ஸ் காலம், செல்வாக்கான துபாஷி, அது ஒரு ராஜபாட்டை. வீராநாயக்கரின் பெயரைச் சொன்னால் வரலாறு படித்தவர்களே புருவத்தை உயர்த்துகிறார்கள். பிரெஞ்சுப் புரட்சி நடந்த காலத்தில், ஒரு பிரெஞ்சு ஊரில், ஐரோப்பியர் அல்லாத ஒருவர் தன் சொந்த மொழியில் நாள்தோறும் எழுதிய பதிவு உலகத்தில் எத்தனை இருக்கும்? நம்மிடம் ஒன்று இருக்கிறது. அதைப் பிள்ளைகளின் பாடத்தில் அரைப் பக்கமாவது சேர்க்க வேண்டும் என்று நான் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். இங்கே கல்வித்துறையைச் சேர்ந்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, பிரெஞ்சுக்காரர் கூட்டத்தில் தமிழரை ஏன் சேர்க்கவில்லை? நிறவெறி ஒன்றே காரணம் என்று சொல்லி முடித்துவிடலாம், அது இருந்தது. ஆனால் பார்வைக்கு இனிப்பாகத் தெரிந்த இன்னொரு காரணமும் இருந்தது. புதுச்சேரியில் தமிழர் வழக்குகளை விசாரிக்கச் சாவடி என்று தனி நியாயஸ்தலம் இருந்தது. பிரெஞ்சுக்காரர் வாயில் அது 'ஷோத்ரி' ஆயிற்று. சொத்து, கல்யாணம், தத்து, சாதித் தகராறு எல்லாம் அந்தந்தச் சாதி வழக்கப்படிதான் தீரும். உங்கள் வழக்கத்தில் நாங்கள் கை வைக்கமாட்டோம் என்பது பிரெஞ்சுக்காரர் கொடுத்த வாக்கு. 1819 ஜனவரி 6ஆம் தேதி உத்தரவு அதை எழுத்திலும் உறுதி செய்தது. நம் பெரியவர்கள் பலர் அதை விரும்பினார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் அந்த வாக்குக்குள் ஒரு பூட்டு இருந்தது. உங்கள் சட்டம் உங்களுக்கு, எங்கள் சட்டம் எங்களுக்கு என்றால், எங்கள் சட்டம் தரும் உரிமையும் எங்களுக்கே என்று ஆகிவிடும் அல்லவா? குடிமகன் ஆக வேண்டுமானால் சாதி வழக்கத்தை விட வேண்டும். வழக்கத்தை வைத்துக்கொண்டால் குடியாகவே இருக்க வேண்டும். இந்த முடிச்சு அவிழ நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

பாரிஸிலும் எல்லோரையும் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். மூன்று நாள் கூலி அளவுக்கு வரி கட்டும் ஆணுக்குத்தான் வாக்கு. வெர்சாய்க்கு நடந்து போன பெண்களுக்கு ஒன்றுமில்லை. பெண்ணின் உரிமைகளை 1791இல் அறிக்கையாக எழுதிய ஒலிம்ப் தெ கூஜ், 1793 நவம்பரில் கொலைமேடைக்குப் போனார். ஆகவே வாய்க்காலுக்கு மேற்கே மட்டும்தான் அநியாயம் நடந்தது என்று நினைக்க வேண்டாம். ஒவ்வோர் ஊரிலும் ஒரு வாய்க்கால் இருந்தது.

திப்பு சுல்தானைப் பற்றிக் கேட்பீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். அவர் 1787இல், ஆங்கிலேயருக்கு எதிராகப் படை கேட்டு, மூன்று தூதர்களைப் புதுச்சேரியிலிருந்து கப்பலேற்றி அனுப்பினார். 1788 ஆகஸ்ட் 10 அன்று வெர்சாயில் லூயி மன்னர் அவர்களைப் பெரும் கொலு வைத்து வரவேற்றார். கேட்ட படையைத் தரவில்லை, தரப் பணமும் இல்லை. சரியாக நான்கு வருடம் கழித்து அதே ஆகஸ்ட் 10இல் பாரிஸ் ஜனம் துய்லெரி அரண்மனைக்குள் புகுந்தது. முடியாட்சி அன்றோடு சாய்ந்தது. 1797இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஜாகோபின் சங்கம் கூடிச் சுதந்திர மரம் நட்டது, திப்புவைக் குடிமகன் என்று அழைத்தார்கள் என்றெல்லாம் சொல்வார்கள். அந்த ஆவணங்களை எவ்வளவு நம்பலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். சினிமாக் காட்சிபோல இருப்பதால் எல்லோரும் அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். எனக்கு அதைவிடப் புதுச்சேரி மனுதான் முக்கியம். ஓர் அரசன் தனக்குத் துணை தேடியதற்கும், ஓர் ஊர் ஜனம் தனக்கு இடம் கேட்டதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

1793 ஜனவரி 21இல் லூயியின் தலை விழுந்தது. பிப்ரவரியில் பிரான்ஸ் இங்கிலாந்தின் மீது போர் அறிவித்தது. செய்தி இந்தியாவுக்கு வந்ததும் சென்னையிலிருந்து கர்னல் பிரெய்த்வெய்ட்டின் படை கிளம்பியது. ஷெர்மோன் என்பவர் அப்போது புதுச்சேரிக் குவர்னர். படையையும் பீரங்கியையும் முன்பே எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள் என்று சொன்னேனே, அதன் பலன் அந்த ஆகஸ்டில் தெரிந்தது. 23ஆம் தேதி ஊர் விழுந்தது. 1816 வரை பிரெஞ்சுக்காரர் நிலையாகத் திரும்பி வரவில்லை. குடியரசு, அடிமை ஒழிப்பு, நெப்போலியன், மறுபடி மன்னராட்சி எல்லாம் அங்கே நடந்து முடிந்தன; புதுச்சேரி அதையெல்லாம் ஆங்கிலேயர் கையில் இருந்துகொண்டு பார்த்தது. தமிழர் கொடுத்த மனுவுக்கு விடை சொல்ல வேண்டிய சபையே கலைந்துவிட்டது.

விடை வேறு வழியில், வேறு ஆட்கள் மூலமாக, துண்டு துண்டாக வந்தது.

எனக்கு மிகவும் பிடித்தவர் பொன்னுத்தம்பிப் பிள்ளை. புதுச்சேரி வக்கீல், கிறிஸ்தவர். 1873இல் ஒரு நாள் ஐரோப்பிய பூட்ஸ் போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் போனார். இந்தியர்கள் அப்படி வரக்கூடாது என்று வழக்கம். கழற்று என்றார்கள். அவர் கழற்றவில்லை. பேசவிடவில்லை. இன்னொருவராக இருந்தால் வீட்டுக்குப் போய் மனைவியிடம் புலம்பிவிட்டு, மறுநாள் வெறுங்காலோடு வந்திருப்பார். குடும்பம் நடக்க வேண்டுமே. இவர் பாரிஸில் இருந்த உச்ச நீதிமன்றம் வரை போனார். ஜெயித்தார். பூட்ஸுக்காகவா இவ்வளவு என்று கேட்கலாம். நம் கிராமங்களில் சில தெருக்களில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டியிருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இந்தக் கூட்டத்திலும் இருப்பார்கள். அவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

1881 செப்டம்பரில் ஓர் உத்தரவு வந்தது. சாதி வழக்கத்தைத் துறப்பதாக எழுதிக்கொடுத்து, பிரெஞ்சுச் சட்டத்தையும் ஒரு குடும்பப் பெயரையும் ஏற்றுக்கொள்ளும் இந்தியர் பிரெஞ்சுக் குடிமக்கள் ஆகலாம். அந்த இயக்கத்துக்கு முன்னால் நின்றவரும் பொன்னுத்தம்பிதான். தனக்கு 'லபோர்த்' என்று பெயர் வைத்துக்கொண்டார். பிரெஞ்சில் அதற்குக் கதவு என்று பொருள். அடைத்த கதவின் முன்னால் நின்ற ஊர், தன் மகன் ஒருவனுக்குக் கதவு என்றே பெயர் வைத்துக்கொண்டது என்று எண்ணும்போது எனக்கு உடல் சிலிர்க்கும். தாழ்த்தப்பட்டவர்கள் பலர் இந்தத் துறப்பை ஒரு வழியாகக் கண்டார்கள். ஆதிக்க சாதிகள் இதைக் கடுமையாக எதிர்த்தன, நடு சண்முகம் என்பவர் அந்தத் தரப்பின் பெரிய தலைவர். 1884இல் வாக்காளர்களையே மூன்று பட்டியலாக்கிவிட்டார்கள்: ஐரோப்பியர் ஒன்று, துறந்தவர் ஒன்று, மற்ற இந்தியர் ஒன்று. ஒரு கைப்பிடி ஐரோப்பியருக்கும் லட்சக்கணக்கான தமிழருக்கும் சம எடை. சமத்துவம் என்ற சொல்லை முழக்கமாகக் கொண்ட ஆட்சி நடந்த அதே ஊரில்.

ஆனாலும் அந்தச் சொல் அங்கே வேலை செய்துகொண்டே இருந்தது. ஆங்கிலேயர் பிடியிலிருந்து தப்பி பாரதியார் 1908இல் போய் இறங்கியது அந்த ஊரில்தான். அவர் நடத்திய 'இந்தியா' பத்திரிகை சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற மூன்று சொல்லையும் முகப்பில் தாங்கி வந்தது. பிரான்ஸில் பிறந்த சொல்லை, பிரெஞ்சுக் கொடியின் கீழ், ஆங்கிலேயருக்கு எதிராக, தமிழில் அச்சிட்டார்கள். பிறகு 1936 ஜூலை 30. அந்த வருடம் பிரான்ஸில் தொழிலாளர் சார்பான அரசு வந்து வேலை நேரத்தைக் குறைத்திருந்தது. அங்கே கிடைத்தது எங்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று வ. சுப்பையாவின் தலைமையில் புதுச்சேரி ஆலைத் தொழிலாளர்கள் நின்றார்கள். ஆட்சியின் காவலர்கள் சுட்டார்கள். 12 பேர் செத்தார்கள். அடுத்த ஆண்டு எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. 1790இல் கேட்ட கேள்வியைத்தான் அவர்களும் கேட்டார்கள் என்று நான் நினைக்கிறேன். நீங்கள் சொல்வது எங்களுக்கும் சேர்த்தா?

1954 அக்டோபர் 18, புதுச்சேரியை அடுத்த கீழூர். பிரெஞ்சு ஆட்சி போவதா இருப்பதா என்று வாக்கெடுப்பு. 178 பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1இல் கொடி மாறியது. சட்டப்படி எல்லாம் முடிய 1962 ஆகஸ்ட் ஆயிற்று. நான் அந்த வாக்கெடுப்பைக் குறை சொல்லவில்லை, அந்தச் சூழலில் நடந்த அமைதியான வழி அது. ஆனால் கீழூர் நினைவிடத்துக்குப் போய் நிற்கும்போதெல்லாம் வாக்கெடுப்பு நடந்த கொட்டகைக்கு வெளியே, வாக்கில்லாமல் நின்ற ஊர் ஜனத்தைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

இன்றும் ஜூலை 13 இரவு புதுச்சேரியில் காகித விளக்கு ஏந்தி ஊர்வலம் போவார்கள். மறுநாள் காலை கடற்கரைப் போர் நினைவுச் சின்னத்தில் மரியாதை. பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தமிழர்கள், 'சொல்தா' என்று ஊரில் சொல்வார்கள், மார்பில் பதக்கங்களோடு வருவார்கள். ஒருமுறை அப்படி ஒரு பெரியவரின் பக்கத்தில் நின்றேன். எண்பது வயது இருக்கும். விளக்கின் காகிதம் காற்றில் பிடித்து எரியாமல் இருக்க உள்ளங்கையால் மறைத்துக்கொண்டே நடந்தார். அவருடைய பேத்தி, "தாத்தா, இது எதுக்கு?" என்று கேட்டாள். "பாஸ்டீல் விழுந்த நாள்மா" என்றார். "அது எங்க இருக்கு?" என்றாள். அவர் கொஞ்ச தூரம் பேசாமல் நடந்துவிட்டு, "இருந்துச்சு. இடிச்சுட்டாங்க" என்றார்.

நான் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொண்டு அமர்கிறேன். பிரான்ஸில் அந்த 60,000 ஏடுகளில் பெரும்பகுதியை ஆவணக் காப்பகங்களில் வைத்திருக்கிறார்கள். எந்த ஊரில் எந்த விவசாயி எந்தப் புறாவைப் பற்றி அழுதான் என்று இன்றைக்கும் படிக்கலாம். பள்ளிக்கரணையில் நாம் எழுதிய மனுக்கள் எங்கே? கழுவெளி சுருங்கியபோது, குப்பை மேடு வளர்ந்தபோது, பட்டா கேட்டு அலைந்தபோது, வெள்ளத்தில் பீரோவோடு காகிதமெல்லாம் ஊறிப்போனபோது எழுதியவை. சிலரிடம் ஒப்புகைச் சீட்டோடு நகல் இருக்கும். பரணில் டிரங்குப் பெட்டியில், பழைய ரேஷன் கார்டுக்குள் மடித்து. அவற்றைப் படியெடுத்து ஒழுங்காகத் தொகுத்து வைக்கலாம் என்று இருக்கிறேன். ஓய்வு பெற்றவன், நேரம் இருக்கிறது. கொண்டு வந்து காட்டுங்கள். கையெழுத்து மோசமாக இருந்தாலும், பிழையோடு இருந்தாலும், பதில் வராத மனுவாக இருந்தாலும் பரவாயில்லை. படம் எடுத்துக்கொண்டு மூலத்தை உங்களிடமே திருப்பித் தந்துவிடுகிறேன். தேதி மட்டும் அழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அழிந்திருந்தால், எழுதியவர் வீட்டில் யாருக்காவது ஞாபகம் இருக்கும்போதே கேட்டுப் பின்பக்கத்தில் பென்சிலால் குறித்துக் கொண்டு வாருங்கள்.